கையிலிருந்த சொல்லை ஏன் வைக்கவில்லை?

சென்ற வருடம் கண்டி நகரப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் நடந்த ஸ்க்ரபிள் சுற்றுப்போட்டியின் கடைசிச் சுற்றில் நான் 17 புள்ளிகளால் தோற்றுப் போனேன். எங்கள் அணி கொழும்பில் நடக்கவிருந்த அடுத்த கட்டத்துக்குப் போக அந்த ஒரு வெற்றிதான் தேவைப்பட்டது. தோழிகள் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "அதிர்ஷ்டமில்ல, கடைசியில கியூ கையில மாட்டிட்டு" என்று ஆறுதல் சொன்னார்கள். நானும் அன்று அதையே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அது உண்மையல்ல. அந்தக் கியூவை வைப்பதற்கான சொல் என் கையில் இருந்தது. சிறு வயது முதல் ஒவ்வொரு நாளும் நான் மனதில் நினைக்கும் சொல் அது. அதை நான் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்பதை யோசித்துப் பார்த்தபோது, இது என் ஒருத்தியின் பிரச்சினை மட்டுமல்ல என்று தோன்றியது. அதனால்தான் ஓர் ஆங்கில விளையாட்டைப் பற்றி நமது தமிழ்ச் சஞ்சிகையில் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை அறியாத பெற்றோருக்காகச் சில வரிகள். ஸ்க்ரபிள் பலகையில் பக்கத்துக்கு 15 சதுரங்களாக மொத்தம் 225 சதுரங்கள் உண்டு. பையில் 100 காய்கள். அவற்றில் 98 காய்களில் ஆங்கில எழுத்துகளும் ஒவ்வொன்றுக்கும் உரிய புள்ளியும் அச்சிடப்பட்டிருக்கும். மீதி இரண்டும் வெற்றுக் காய்கள், எந்த எழுத்தாகவும் பாவிக்கலாம். பைக்குள் பார்க்காமல் கைவிட்டு ஏழு காய்கள் எடுத்து, குறுக்கெழுத்துப் போல ஏற்கெனவே உள்ள சொற்களோடு இணைத்துச் சொற்களை வைக்க வேண்டும். 1930களில் இதை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் காய்களின் தொகையைத் தீர்மானித்தார். அடிக்கடி வரும் ஈ என்ற எழுத்துக்கு 12 காய்கள், ஆனால் 1 புள்ளிதான். அரிதாக வரும் கியூவுக்கு ஒரே ஒரு காய், 10 புள்ளிகள். ஏழு காய்களையும் ஒரே முறையில் இறக்கிவிட்டால் மேலதிகமாக 50 புள்ளிகள் கிடைக்கும். போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் 25 நிமிடங்கள்.

இப்போது அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். ஆட்டம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. பையில் 11 காய்கள் மட்டுமே மீதி. என் தட்டில் இருந்தவை கியூ, ஐ, பீ, எல், ஏ, ஆர், ரீ. பலகையின் இடது பக்கக் கீழ் மூலைக்கு அருகில் வெளிச்சம் என்று பொருள்படும் 'லைட்' என்ற சொல் கிடந்தது. அதன் முன்னால் ஏயை வைத்தால் 'அலைட்' ஆகும். பஸ்ஸிலிருந்து இறங்குவதைச் சொல்லும் சொல். நான் 'ட்ரெயில்' என்ற சொல்லை மேலிருந்து கீழாக வைத்து, அதன் நடுவிலுள்ள ஏயை லைட்டின் முன்னால் பொருத்தினேன். அந்தச் சொல்லின் ஒரு எழுத்து, முழுச் சொல்லையும் இரட்டிப்பாக்கும் சதுரத்தில் விழுந்தது. ட்ரெயிலுக்கு 10, அலைட்டுக்கு 10, மொத்தம் 20 புள்ளிகள். திருப்தியோடு ஐந்து புதிய காய்கள் எடுத்தேன். கையில் கியூவும் பீயும் எஞ்சின. கியூவுக்குத் துணையாக ஒரு யூ வரும், பெரிய சொல்லொன்றை வைத்து ஆட்டத்தை முடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

யூ வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. ஸ்க்ரபிளில் நான்கு யூக்கள்தான் உண்டு. நான்கும் ஏற்கெனவே பலகையில் என் கண்ணெதிரே கிடந்தன. வெற்றுக் காய்கள் இரண்டும் கூடப் போய்விட்டிருந்தன. நான் எண்ணிப் பார்க்கவில்லை. கியூவை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது அதற்கும் காலம் கடந்திருந்தது. பையில் ஏழு காய்களாவது இருந்தால்தான் மாற்ற அனுமதி உண்டு. நான் ஐந்து எடுத்த பிறகு ஆறுதான் மீதி.

கடைசிக் காயை எதிரே இருந்த மாணவி இறக்கியபோது நான் 351, அவர் 348. மூன்று புள்ளிகளால் நான்தான் முன்னால். ஆனால் என் தட்டில் கியூ தனியாக நின்றது. எஞ்சிய காயின் பெறுமதியில் இரு மடங்கு, அதாவது 20 புள்ளிகள், முடித்தவருக்குச் சேரும் என்பது விதி. 351க்கு 368. அவர் எழுந்து மரியாதையாகக் கைகொடுத்தார். நானும் கொடுத்தேன்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது அஸருடைய நேரமாகியிருந்தது. அந்தப் பாடசாலையின் ஆசிரியை ஒருவர் நாங்கள் தொழுவதற்காக ஒரு வகுப்பறையைத் திறந்து தந்தார். புதிய இடம் என்பதால் திசை தெரியவில்லை. எங்கள் அணியின் சின்னத் தங்கச்சி ஒருத்தி, "டீச்சர், கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எங்கள் டீச்சர் தொலைபேசியில் திசைகாட்டியைப் பார்த்து, மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்குப் பக்கமாகக் கை காட்டினார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கியூ, ஐ, பீ, எல், ஏ. கிப்லா. ஐந்து எழுத்தும் என் தட்டில் இருந்தன.

தொழுது முடித்த பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ட்ரெயிலை வைத்த அதே ஐந்து சதுரங்களில் கிப்லாவை வைத்திருக்கலாம். அதன் நடு எழுத்தான பீ லைட்டின் முன்னால் வந்து, பயிர்களுக்கு வரும் கருகல் நோயைச் சொல்லும் 'பிளைட்' என்ற சொல்லை உண்டாக்கியிருக்கும். கிப்லாவுக்கு 16, இரட்டித்தால் 32. பிளைட்டுக்கு 12. மொத்தம் 44 புள்ளிகள். நான் எடுத்ததோ 20. அந்த 24 புள்ளி வித்தியாசத்தோடு, கடைசியில் கியூவுக்காகப் பறிகொடுத்த 20ஐயும் சேர்த்துப் பாருங்கள். மற்ற நகர்வுகள் எல்லாம் அப்படியே நடந்திருக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் 17 புள்ளித் தோல்விக்கு அதிர்ஷ்டத்தைக் குற்றம் சொல்ல எனக்கு இனி வாயில்லை.

அன்றிரவு வீட்டில் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "அது அரபுச் சொல்லாச்சே மகள், இங்கிலீஷ் விளையாட்டில விடுவாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என் மனதின் அடியிலும் இருந்திருக்கிறது. நான் கேட்காமலே 'விடமாட்டார்கள்' என்று முடிவு செய்துவிட்டிருந்தேன். இருவரும் சேர்ந்து போட்டிகளுக்குப் பாவிக்கும் கொலின்ஸ் சொற்பட்டியலைத் திறந்து பார்த்தோம். கிப்லா இருந்தது. அது மட்டுமா? நிகாப், புர்கா, தலாக், பக்கீர் எல்லாம் இருந்தன. நான்கே எழுத்தில் பிக்ஹ் இருந்தது. வக்ப் இருந்தது. இவை இரண்டுக்கும் இரட்டிப்புச் சதுரம் இல்லாமலே 19 புள்ளிகள். காதி நீதிமன்றம் என்கிறோமே, அந்தக் காதி கியூ-ஏ-டீ-ஐ என்று இருந்தது. அதே நான்கு எழுத்துகளை மாற்றி அடுக்கினால் தலைவர் என்று பொருள்படும் காயித். ஸகாத் இஸட்டில் தொடங்கி 18 புள்ளிகள். ஹிஜாப் 17. ஹஜ் என்பதை ஒரு ஜேயோடு மூன்றெழுத்தில் வைத்தால் 13. இரண்டு ஜேயோடும் வைக்கலாம், ஆனால் பையில் ஒரே ஒரு ஜேதான் இருப்பதால் மற்றதற்கு வெற்றுக் காய் வேண்டும்.

வாப்பா சிரித்துவிட்டார். "இதெல்லாம் நம்மட பேச்சில உள்ளதுதானே. இதுக்கா நீ தோத்த?"

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. யூ இல்லாமல் கியூ வரும் சொற்களின் பட்டியலை உலகெங்கும் உள்ள ஸ்க்ரபிள் ஆட்டக்காரர்கள் தனியாக மனனம் செய்கிறார்கள். அவர்களுக்கு அது கஷ்டமான பட்டியல். அது ஏன் கஷ்டம்? ஆங்கிலத்துக்குச் சொந்தமான எழுத்துமுறையில் கியூவுக்குப் பின்னால் யூ வருவதே வழக்கம். அந்த வழக்கத்தை மீறி வருபவற்றில் பெரும்பாலானவை அரபியிலிருந்து வந்தவை. அரபியின் 'காஃப்' எழுத்தை ஆங்கிலத்தில் கியூவாக எழுதுகிறார்கள். மற்றவர்கள் இரவு விழித்துப் பாடமாக்கும் பட்டியலில் பாதிக்கு மேல் நாம் குர்ஆன் மத்ரஸாவிலும் இஸ்லாம் பாடத்திலும் சும்மாவே கற்றுக்கொண்டவை. நமக்குத் தெரியாதது அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டுமே. அதைப் பழக ஒரு பிற்பகல் போதும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு என் பழைய ஆட்டங்களின் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தேன். தவறவிட்ட வாய்ப்புகள் மூன்று வகையாகத் தெரிந்தன.

முதலாவது, எண்ணாமல் விடுவது. போட்டிகளில் 100 காய்களின் பட்டியல் அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு, வெளியே வரும் எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வரலாம். யாரும் தடுப்பதில்லை. நானோ அதை இடையில் விட்டுவிடுவேன். வெட்டியிருந்தால் யூ இனி இல்லை என்று தெரிந்திருக்கும். வராத ஒன்றுக்காகக் காத்திருந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது, பெரியதுக்கு ஆசைப்பட்டுச் சிறியதை உதறுவது. கியூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல் எனக்குத் தெரியும். அந்த ஆட்டத்தில் அதை வைக்க இடமும் முன்னர் இருந்தது. பதினொரு புள்ளிகளுக்காகக் கியூவைச் செலவழிக்க மனம் வரவில்லை. பிறகு ட்ரெயிலில் என் ஐயும் போனது, இடமும் அடைபட்டது. ஏழையும் ஒரே தடவையில் இறக்கி 50 புள்ளிகள் வாங்கும் கனவில், கிடைத்த இருபதையும் முப்பதையும் விட்ட ஆட்டங்கள் எனக்குப் பல. இதற்கு நல்ல பாடம் நைஜீரியாவிடம் இருக்கிறது. 2015 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் நைஜீரியாவைச் சேர்ந்த வெலிங்டன் ஜிகெரே, இறுதிச் சுற்றில் இங்கிலாந்தின் லூயிஸ் மக்கேயை 4க்கு 0 என்ற கணக்கில் வென்றார். ஆங்கில ஸ்க்ரபிளில் உலகப் பட்டம் வென்ற முதல் ஆபிரிக்கர் அவர். நைஜீரிய ஆட்டக்காரர்களின் சிறப்பு, நீண்ட சொல் கையில் இருக்கும்போதும் சில வேளைகளில் நான்கு ஐந்து எழுத்துச் சொல்லைத் தெரிந்தெடுப்பது. நீண்ட சொல் பலகையில் எதிரிக்கும் வழி திறந்துவிடும், கையிலுள்ள நல்ல எழுத்துகளையும் தீர்த்துவிடும். குறுகிய சொல் வழியை அடைத்து, நல்ல எழுத்துகளை அடுத்த முறைக்குக் காப்பாற்றும். புள்ளியை மட்டும் பார்க்காமல் மிச்சம் என்ன, திறப்பது என்ன என்று பார்ப்பதுதான் அவர்களின் வழி. நான் ட்ரெயிலை வைத்தபோது பார்த்தது 20 புள்ளிகளை மட்டும். பீயும் கியூவும் மிச்சமாவதை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. தெரிந்த சொல்லை, 'இது இங்கே செல்லாது' என்று தானே முடிவு செய்து விடுவது. முதல் இரண்டையும் பயிற்சியால் திருத்தலாம். மூன்றாவதற்கு மனம் மாற வேண்டும்.

நான் மட்டும் இப்படியல்ல என்பதை எங்கள் கழகத்தில் சில மாதங்களுக்குப் பின் கண்டேன். தரம் 8 தங்கச்சி ஒருத்தி என்னோடு ஆடும்போது கே-ஏ-என்-டீ-வை என்று வைத்தாள். கண்டி! உடனே ஆட்சேபித்தேன். ஊர்ப் பெயர்கள் ஸ்க்ரபிளில் செல்லாது என்பது யாருக்கும் தெரிந்த விதி. அவளும் பயந்து காய்களைத் திரும்ப எடுக்கப் போனாள். "பொறு, பார்ப்போம்" என்று சொற்பட்டியலைத் திறந்தோம். செல்லும் என்று வந்தது. ஊர்ப் பெயராக அல்ல. 'கண்டி' என்பது தமிழில் ஒரு நிறுத்தல் அளவு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முற்காலத்தில் கொப்பறா போன்ற பொருள்களைக் கண்டிக் கணக்கில் விற்றார்கள். அந்த வியாபாரத்தின் வழியாகத்தான் அச்சொல் ஆங்கில அகராதிக்குள் போயிருக்கிறது. கண்டியில் பிறந்து, கண்டியில் தமிழ் படிக்கும் எனக்கு அது தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது, ஊர்ப் பெயரென்று நினைத்துத்தான் வைத்தாள். ஆனால் அவள் வைத்தாள். அன்று நான் தோற்றது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு தமிழிலிருந்து போன சொற்களையும் தேடத் தொடங்கினோம். கறியும் கட்டுமரமும் எல்லோருக்கும் தெரியும். கஞ்சி இருக்கிறது. நோன்பு துறக்கும்போது குடிக்கும் அதே கஞ்சிதான். அதை ஜே சேர்த்து சீ-ஓ-என்-ஜே-ஈ-ஈ என்று வைத்தால் 15 புள்ளிகள். ஆற்றை மறிக்கும் அணைக்கட்டும் ஆங்கிலத்தில் 'அனிகட்' ஆகப் பட்டியலில் இருக்கிறது. ஆங்கிலம் என்று நாம் தள்ளி நின்று பார்க்கும் பெரிய வீட்டில் நமது வீட்டுச் சாமான்களும் இருக்கின்றன.

நமது கல்லூரியில் ஸ்க்ரபிள் கழகத்துக்குப் பெயர் கொடுக்கும்போது தமிழ்மொழி மூலம் படிக்கும் தங்கைகள் பலர் பின்வாங்குகிறார்கள். "அது இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு" என்கிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. தமிழும் கொஞ்சம் அரபியும் அறிந்த பிள்ளைக்கு இந்த விளையாட்டில் ஒரு கூடுதல் வசதி உண்டு. அவள் ஆங்கிலத்தில் பேசத் தயங்கலாம், இலக்கணத்தில் பிழை விடலாம். பலகை அதைக் கேட்பதில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே, சொற்பட்டியலைச் சில வாரங்கள் மனனம் செய்து, 2015இல் பிரெஞ்சு ஸ்க்ரபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே வென்றார். அவரது ஞாபக சக்தி நமக்கு வராது. ஆனால் தொடக்கத்துக்கு வேண்டியது கொஞ்சம்தான். கொலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் மொத்தம் 127. ஒரு நாளைக்கு ஐந்து வீதம் படித்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

அதே நேரம் இந்த விளையாட்டைப் பற்றி நான் பொய்யான வாக்குறுதி தர விரும்பவில்லை. ஸ்க்ரபிள் ஆடினால் ஆங்கிலம் சரளமாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். நைஜல் ரிச்சர்ட்ஸின் கதையே அதற்கு எதிரான சாட்சி. சாதாரண தரப் பரீட்சையில் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு அது தந்தது வேறு. கையில் வந்த ஏழு காய்களையும் குறை சொல்லாமல் பார்க்கவும், மணி ஓடிக்கொண்டிருக்கும்போது நானே ஒரு முடிவை எடுக்கவும், அது பிழைத்தால் இன்னொருத்தியின் மேல் போடாமல் ஏற்கவும் பழக்கியது. நம்மில் பலருக்கு வீட்டிலும் வகுப்பிலும் முடிவுகளை மற்றவர்கள்தான் எடுக்கிறார்கள். பலகையின் முன் அமர்ந்தால் அந்த வசதி கிடையாது.

பெற்றோரிடமும் சில வார்த்தைகள் பேச வேண்டும். தரம் 9 முதல் என்னோடு சேர்ந்து ஆடிய தோழி ஒருத்தி அக்குறணையிலிருந்து வருவாள். எங்கள் இருவரில் அவள்தான் திறமைசாலி. ஏழு காய்களையும் தட்டில் இரண்டு தடவை மாற்றி வைத்துவிட்டு முழுச் சொல்லைக் கண்டுபிடிப்பாள். சாதாரண தரத்துக்குப் பிறகு அவள் கழகத்துக்கு வரவில்லை. சனிக்கிழமைகளில் பிரத்தியேக வகுப்பு. அத்தோடு, போட்டிக்குப் போனால் திரும்பி வர மஃரிபாகிவிடும் என்று வீட்டில் பயம். அவளுடைய உம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். இருட்டிய பிறகு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்பதை எந்தத் தாய்தான் விரும்புவார்? அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்கு ஒரே மருந்து போகாமல் விடுவதா என்பதுதான் என் கேள்வி.

வழிகள் இருக்கின்றன. அணியோடு இரண்டு தாய்மார் கூடவே வரலாம். ஒவ்வொரு போட்டிக்கும் இருவர் என்று முறை வைத்தால் ஒருவருக்கு வருடத்தில் ஒரு சனிக்கிழமைதான் போகும். அதைவிட நல்ல வழி, நமது கல்லூரியே ஒரு சுற்றுப்போட்டியை நடத்துவது. நமது மண்டபத்தில், லுஹருக்கும் அஸருக்கும் இடைவேளை விட்டு, கண்டியின் மற்றப் பாடசாலைப் பிள்ளைகளை நாமே அழைக்கலாம். பெற்றோர் வந்து அமர்ந்து பார்க்கலாம். நாமும் போய்த்தான் ஆக வேண்டும் என்றிருந்த இடத்தில் மற்றவர்கள் நம்மிடம் வருவார்கள்.

இது சூதாட்டம் இல்லையா என்று சாச்சி ஒருவர் கேட்டார். மார்க்கத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை, அதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். நான் அறிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் பணமோ பொருளோ வைத்து ஆடுவதில்லை. பகடை உருட்டுவதில்லை. தொழுகைக்கு நேரமானால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழும்புகிறோம். இவற்றில் எது தவறினாலும் கழகத்தை மூடச் சொல்லுங்கள், நானே முதலில் எழும்புவேன்.

ஆங்கிலம் பற்றிய நமது தயக்கம் புதியதல்ல. 1838இல் இதே கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை, அந்தத் தயக்கத்தோடு வாழ்நாளெல்லாம் போராடினார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதும் அவர்தான், 1885இல் இலங்கையின் முதல் தமிழ் நாவலான 'அஸன்பே சரித்திர'த்தை எழுதியதும் அவர்தான். மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் வேண்டும், ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். தமிழை விட்டுவிட்டு அல்ல, தமிழிலேயே எழுதி அதைச் சொன்னார். இன்று நாம் இந்தக் கல்லூரியில் அமர்ந்திருப்பது அத்தகையோரின் உழைப்பின் பயன்.

இறுதியாக நமது தமிழ் இலக்கிய மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். தமிழிலும் இப்படி ஒரு காய் விளையாட்டை நாமே செய்து பார்க்கலாமே? லேசான காரியமல்ல. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒவ்வொன்றுக்கும் ஒரு காய் என்றால் பை நிறைந்துவிடும். அவற்றில் பல வருடக் கணக்கில் வெளியே வராது. மெய்க்கு ஒரு காய், குறிக்கு ஒரு காய் என்று பிரித்தால், 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வந்து இடத்தைக் குழப்பும். எந்த எழுத்துக்கு எத்தனை காய், எத்தனை புள்ளி? பட்ஸ் செய்தது போல 'வீரகேசரி'யின் முதற் பக்கத்தை எடுத்து எழுத்துகளை எண்ணத் தொடங்கலாம். தரம் 10, 11 மாணவிகள் ஆளுக்கு ஒரு பத்தி எடுத்தால் ஒரு வாரத்தில் முடியும்.

அப்படிச் செய்யும்போது ஒரு கேள்வி வரும். எந்தச் சொற்களை ஏற்பது? வாப்பா செல்லுமா? உம்மா? கிப்லா, ஸகாத், சாச்சி? 'இவை சுத்தமான தமிழல்ல' என்று யாராவது சொல்லக்கூடும். ஆங்கிலேயரின் அகராதி நமது கிப்லாவையும் கஞ்சியையும் கண்டியையும் ஏற்று, புள்ளியும் கொடுத்திருக்கும்போது, தலைமுறை தலைமுறையாக நாம் பேசும் சொற்களை நமது தமிழ்ப் பலகையில் வைக்க நாமே வெட்கப்படக் கூடாது. வைக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. யாராவது ஆட்சேபித்தால் அகராதியைத் திறந்து பார்ப்போம். அகராதியில் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்போம்.

நான் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறேன், அடுத்த போட்டிக்கு வர முடியாது. என் இடத்துக்கு அந்தத் தரம் 8 தங்கச்சியைச் சிபாரிசு செய்திருக்கிறேன். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தவை இரண்டே விடயங்கள். யூக்களை எண்ணிக்கொண்டு வா. செல்லுமா செல்லாதா என்று சந்தேகமாக இருந்தால், ஆட்சேபிக்கும் வேலையை எதிரிக்கு விட்டுவிட்டு, நீ சொல்லை வை. இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை நமது அணி கொழும்புக்குப் போகும்.